புகார் ஏதும் இல்லை

நான் ஒரு பொய்யை எழுதியவன். அதை ஒப்புக்கொள்ளாமல் இந்தக் கட்டுரையை எழுதும் யோக்கியதை எனக்கில்லை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தென்மாவட்டம் ஒன்றில், அரசு உதவிபெறும் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். கடந்த முறை எங்கள் கல்லூரிக்கு 'நாக்' குழு வருவதற்கு முன்பு, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் நலப்பிரிவின் கூட்டக் குறிப்பேட்டைத் தயார் செய்யும் வேலை எனக்குத் தரப்பட்டது. ஆண்டுக்கு நான்கு கூட்டம் என்று ஐந்தாண்டுக்கு இருபது கூட்டம். உண்மையில் ஒன்றுகூட நடந்ததில்லை. மூன்று இரவுகள் உட்கார்ந்து இருபதையும் எழுதி முடித்தேன். "எல்லாத்தையும் ஒரே பேனாவுல எழுதிடாதீங்க சார், பார்த்தாலே தெரிஞ்சிடும்" என்று அனுபவமுள்ள மூத்தவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். நான்கு பேனா மாற்றினேன். வரப்போகிறவர்கள் வெளிமாநிலத்தவர் என்பதால் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதினேன். இருபது கூட்டங்களின் முடிவிலும் ஒரே வாக்கியம்: பெறப்பட்ட புகார்கள், ஏதும் இல்லை.

கல்லூரிக்கு நல்ல தரம் கிடைத்தது. வாசலில் ஃபிளெக்ஸ் கட்டினார்கள். எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

எந்தக் கல்லூரி என்று நான் எழுதவில்லை. பயம் ஒரு காரணம். அதை மறைக்க விரும்பவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. பெயரைச் சொன்னால், அந்த ஒரு கல்லூரிதான் மோசம் என்று மற்றவர்கள் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொள்வார்கள். இதைப் படிக்கும் ஆசிரியர்களில் எத்தனை பேர் இப்படி ஒரு குறிப்பேட்டை எழுதியிருக்கிறீர்கள் என்பது உங்கள் மனதுக்குத் தெரியும்.

எதை அளக்கிறார்கள்?

கல்லூரிக்கு வெளியே இருக்கும் தோழர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நாக் என்பது தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு. பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் 1994இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. ஒரு கல்லூரி பாடத்திட்டம், கற்பித்தல், ஆராய்ச்சி, கட்டமைப்பு, மாணவர் ஆதரவு, நிர்வாகம், நிறுவன விழுமியங்கள் என்னும் ஏழு தலைப்புகளில் தன்னைப் பற்றித் தானே ஓர் அறிக்கை எழுத வேண்டும். 2017இல் திருத்தப்பட்ட முறையின்படி மொத்தம் 1000 மதிப்பெண். அதில் பெரும்பகுதி கல்லூரி கணினியில் ஏற்றும் எண்களையும் ஆவணங்களையும் வைத்தே முடிவாகிவிடும். மிச்சத்துக்கு வெளியூர்ப் பேராசிரியர்கள் சிலர் நேரில் வந்து பார்ப்பார்கள். எல்லாவற்றையும் கூட்டி நான்கு புள்ளிக்கு இத்தனை என்று கொடுப்பார்கள். 3.51க்கு மேல் போனால் 'ஏ பிளஸ் பிளஸ்'. 1.50ஐத் தாண்டாவிட்டால் அங்கீகாரம் இல்லை. ஒரு முறை கிடைத்தால் பொதுவாக ஐந்தாண்டு செல்லும். நிதி, தன்னாட்சி, விளம்பரம், மாணவர் சேர்க்கை எல்லாம் இந்த ஓர் எழுத்தைச் சுற்றித்தான் ஓடுகின்றன.

ஆகவே 'நாக் வருகிறது' என்று சொல்லிவிட்டால் கல்லூரியில் எல்லோருடைய நாக்கும் அடங்கிவிடும். சம்பள உயர்வு கேட்டால் 'நாக் முடியட்டும்'. கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்றால் 'நாக் வரும்போது சரியாகிவிடும்'. ஒரு மாணவி புகார் கொண்டுவந்தால் 'இந்த நேரத்திலா?' என்பார்கள்.

இந்த மதிப்பீட்டில் சமூகநீதி இல்லவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருக்கிறது, எங்கே, எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. இட ஒதுக்கீட்டு இடங்கள் எத்தனை விழுக்காடு நிரப்பப்பட்டன என்று கேட்கிறார்கள். அதற்கு மதிப்பெண் உண்டு. அரசு உதவித்தொகை பெறும் மாணவர்கள் எத்தனை விழுக்காடு என்று கேட்கிறார்கள். அதற்கும் மதிப்பெண் உண்டு. பண்பாடு, மொழி, சமயம், சமூகப் பொருளாதார வேறுபாடுகளைக் கடந்த நல்லிணக்கச் சூழலுக்குக் கல்லூரி என்ன செய்தது என்று கேட்கிறார்கள். பொங்கல் விழாவும் ஓணக் கோலமும் எடுத்த படங்களை இடக்குறியீட்டுடன் ஏற்றினால் அந்தக் கட்டமும் நிரம்பிவிடும்.

69 விழுக்காடு இட ஒதுக்கீடு சட்டமாக இருக்கும் தமிழ்நாட்டில், அந்த இடங்களை நிரப்புவது கல்லூரியின் கருணையா? அது கடமை. உதவித்தொகை கொடுப்பது அரசு. கல்லூரி அதில் செய்வது விண்ணப்பத்தைக் கையெழுத்திட்டு அனுப்புவது மட்டும்தான். ஆனால் எங்கள் பிள்ளைகளின் எண்ணிக்கை கல்லூரியின் மதிப்பெண் ஆகிறது, அவர்களின் வறுமையும் கல்லூரியின் மதிப்பெண் ஆகிறது. அந்தப் பிள்ளை உள்ளே வந்த பிறகு என்ன ஆனான் என்று கேட்கும் கட்டத்தை நான் நிரப்பிய படிவங்கள் எதிலும் நான் பார்க்கவில்லை. வாசலில் நின்று தலையை எண்ணுகிறவர்கள், வகுப்பறைக்குள் அந்தத் தலை குனிந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

ஒன்பதாவது கூட்டத்துக்கு வந்தவன்

அந்தக் குறிப்பேட்டில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வருகைப் பட்டியல் வேண்டும். பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பட்டியல் சாதி மாணவர்களின் பெயர்களைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். ஒன்பதாவது கூட்டத்தில் ஒரு பெயரை எழுதும்போது கை நின்றது. அந்தத் தேதிக்கு நான்கு மாதம் முன்பே அவன் கல்லூரியை விட்டுப் போய்விட்டான்.

இயற்பியல் படிக்க வந்தவன். பக்கத்து ஊர்ச் சேரியிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பையன். அப்பா கொத்து வேலைக்குப் போகிறவர். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். முதலாண்டு, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அலுவலக ஊழியர் ஒருவர் தாளோடு உள்ளே வந்து, "ஸ்காலர்ஷிப் எல்லாம் எந்திரிச்சு நில்லுங்க" என்றார். எழுந்து நின்றவர்களை மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றோடு யார் யார் என்பது வகுப்புக்கே தெரிந்துவிட்டது. அதுவரை "எந்த ஊரு?" என்று மட்டும் கேட்டவர்கள் பிறகு "ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆய்வகத்தில் அவனோடு சேர்ந்து செய்ய ஆள் இல்லாமல் போயிற்று. கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்துக் கூட்டம் சேர்ந்தது. விடுதியில் அவன் தட்டு மட்டும் காணாமல் போகத் தொடங்கியது. ஒரு நாள் துறையின் வாட்ஸாப் குழுவில் அவனுடைய படத்தைப் போட்டு எழுதியதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவன் என்னிடம்தான் வந்தான். எங்கள் பிரிவின் பொறுப்பாளர் நான் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தது. அந்தப் பொறுப்பு எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "உங்க ஆளுங்க விஷயம் உங்களுக்குத்தானே தெரியும்" என்று சொல்லித் தந்தார்கள். கல்லூரியில் பிறர் செய்யும் தீண்டாமைக்கும் நானே பொறுப்பாளர் என்பது போல.

அவனிடம் நான் சொன்னதை இன்றுவரை மறக்க முடியவில்லை. "படிப்பைப் பாருப்பா. மூணு வருஷம் பல்லைக் கடிச்சிட்டு டிகிரியை வாங்கிட்டுப் போயிடு. நாங்கல்லாம் அப்படித்தான் வந்தோம்." எழுதிக் கொடுக்கிறேன் என்றான். "எழுதினா உனக்குத்தான் பிரச்சினை" என்றேன். அது பொய்யில்லை, அந்த வளாகத்தில் அதுதான் உண்மை. ஆனால் அதைச் சொல்லும் இடத்தில் நான் இருந்திருக்கக் கூடாது.

இரண்டாமாண்டு நடுவில் நின்றுவிட்டான். மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பத்தில் காரணம் என்னும் இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருந்தது.

ஒன்பதாவது கூட்டத்தில் அவனை வரவழைத்தேன். அவன் கையெழுத்தை நானே போட்டேன்.

குழு வந்த நாள்

குழு வருவதற்கு முந்தைய ஒரு வாரம் கல்லூரி தூங்கவில்லை. சுவர்களுக்கு வெள்ளை அடித்தார்கள். பல ஆண்டு பூட்டியிருந்த கழிப்பறைகளைத் திறந்தார்கள். அதைத் திறந்ததும் உள்ளே இறங்கியவர்கள் யார் என்று கேட்க வேண்டாம். ஒப்பந்தக்காரர் மூலம் தினக்கூலிக்கு வரும் ஐந்து பெண்கள்; எனக்குத் தெரிந்து எல்லோரும் ஒரே சமூகம்; ஒரே தெரு. காலை ஆறு மணிக்கு வந்து இரவு ஒன்பது மணிவரை ஆசிட் ஊற்றித் தேய்த்தார்கள். கையுறை கேட்டதற்கு 'பில் போட்டிருக்கு, வரும்' என்றார்கள். அந்த பில் கட்டமைப்புச் செலவுக் கோப்பில் இருந்ததை நான் பார்த்தேன். கையுறையை நான் பார்க்கவில்லை.

குழு வந்த காலையில் வாசலில் கோலம், குத்துவிளக்கு, பூரணகும்பம். அரசு சம்பளம் கொடுக்கும் ஒரு கல்வி நிறுவனத்துக்கு, தரத்தை அளக்க வந்த பேராசிரியர்களுக்கு, கோயில் குடமுழுக்குக்கு வந்தவர்களைப் போல மரியாதை. அந்த ஐந்து பெண்களை, குழு போகும்வரை பின்பக்கம் ஜெனரேட்டர் கொட்டகையில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவர்களில் மூத்த அக்கா ஒருவர் மாலையில் என்னிடம் கேட்டார்: "ஏன் சார், நாங்க கழுவுன கக்கூஸைத்தானே பாக்க வந்திருக்காக? எங்களைப் பாத்தா மார்க்கு கொறையுமோ?"

நான் பதில் சொல்லவில்லை.

மூன்று பேர் வந்தார்கள். இரண்டு நாள் இருந்தார்கள். மாணவர்களைச் சந்தித்தார்கள்; யார் சந்திக்க வேண்டும் என்று துறைத்தலைவர்கள் ஏற்கெனவே பட்டியல் போட்டிருந்தார்கள். கோப்புகளைப் பார்த்தார்கள். என் குறிப்பேட்டை ஒருவர் கையில் எடுத்தார். நான்கைந்து பக்கம் புரட்டினார். "வெரி குட், வெல் மெயின்டெய்ண்டு" என்றார். நல்ல மனிதர். என்னிடம் கை குலுக்கினார்.

லஞ்சம் மட்டும்தான் பிரச்சினையா?

நாக் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் லஞ்சத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். 2023 மார்ச்சில் அதன் செயற்குழுத் தலைவராக இருந்த பூஷண் பட்வர்தன், மதிப்பீட்டில் முறைகேடுகள் நடப்பதாகச் சொல்லிவிட்டுப் பதவி விலகினார். 2025 பிப்ரவரியில் ஆந்திராவில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு 'ஏ பிளஸ் பிளஸ்' வாங்க லஞ்சம் கைமாறியதாக சிபிஐ வழக்குப் பதிந்து, ஆய்வுக் குழுவின் தலைவர், உறுப்பினர்கள் உட்பட 10 பேரைக் கைது செய்தது. பணம், தங்கம், கைப்பேசி, மடிக்கணினி என்று கொடுத்ததாகக் குற்றச்சாட்டு.

ஆனால் எங்கள் கல்லூரிக்கு வந்தவர்கள் காசு வாங்கினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்து வாங்கவில்லை. அவர்கள் நேர்மையானவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். நேர்மையானவர்களுக்கும் என் குறிப்பேடுதான் கிடைத்தது. நேர்மையானவர்களும் 'புகார் ஏதும் இல்லை' என்பதைப் படித்துவிட்டு 'மிக நன்று' என்றார்கள். லஞ்சத்தை முழுக்க ஒழித்துவிட்டாலும் இந்தக் கோளாறு அப்படியே இருக்கும். ஏனென்றால் கோளாறு கேள்வியிலேயே இருக்கிறது. புகார் இல்லாத கல்லூரி நல்ல கல்லூரி என்று அந்த முறை நம்புகிறது.

நாம் அப்படி நம்ப முடியாது. புகாரே வராத இடத்தில் சாதி இல்லை என்று அர்த்தமில்லை. புகார் கொடுத்தால் தனக்கு என்ன ஆகும் என்பது அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். தில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியைப் பற்றி சுகதேவ் தோரட் குழு 2007இல் அறிக்கை கொடுத்தது. நாட்டின் உச்ச நிறுவனம் என்று எல்லோரும் கையெடுத்துக் கும்பிடும் இடத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் வகுப்பறையிலும் ஒதுக்கப்படுவதை அது வெளியே கொண்டுவந்தது. அதன் பிறகு 2012இல் பல்கலைக்கழக மானியக் குழு சமத்துவத்துக்கான விதிமுறைகளை வெளியிட்டது. ஒவ்வொரு நிறுவனத்திலும் பாகுபாடு தடுப்பு அலுவலர் இருக்க வேண்டும், சமவாய்ப்பு மையம் இருக்க வேண்டும் என்றது. நான்காண்டு கழித்து, 2016 ஜனவரி 17 அன்று, ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். 2019 மே மாதம் மும்பையில் மருத்துவர் பாயல் தட்வியை இழந்தோம். அந்த விதிமுறைகளை உண்மையிலேயே நடைமுறைப்படுத்துங்கள் என்று கேட்டு அந்த இருவரின் தாய்மார்களும் 2019இல் உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு தாய்கள் கேட்டதை, ஐந்தாண்டுக்கு ஒரு முறை கோப்பு பார்க்க வருகிறவர்கள் அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்?

தமிழ்நாட்டிலும் நிலைமை வேறில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு முதல் வருகைப் பதிவேட்டில் சாதி தெரியும்படி எழுதுவது வரை அது பேசியது. பள்ளியில் கயிறு கட்டுகிறவன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அதை அவிழ்த்து வைத்துவிட்டா கல்லூரிக்கு வருகிறான்?

தரம் யாருடைய சொல்?

'தரம்' என்ற சொல்லே நமக்கு எதிராகப் பிறந்ததுதான் என்று சில தோழர்கள் சொல்வார்கள். முழுக்க மறுக்க முடியாது. வகுப்புவாரி உரிமை வந்தபோது தகுதி போய்விடும் என்றார்கள். அந்த அரசாணையை 1951இல் உச்சநீதிமன்றம் செல்லாது என்றபோது தகுதி காப்பாற்றப்பட்டது என்று மகிழ்ந்தார்கள். பெரியார் தலைமையில் தமிழ்நாடு கொந்தளித்து, அதே ஆண்டு அரசமைப்பின் முதல் திருத்தம் வந்தபோது தரம் செத்துவிட்டது என்று அழுதார்கள். எழுபது ஆண்டு கழித்தும் அதே ஒப்பாரி நிற்கவில்லை. தரம் மட்டும் சாகவும் இல்லை.

அதற்கும் முன்னால் ஒரு காட்சி. 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராக ஓர் இளைஞர் சேர்கிறார். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்தவர். அவருடைய வகுப்பைக் கேட்க வேறு கல்லூரி மாணவர்களும் வருகிறார்கள். ஆனால் பேராசிரியர்களுக்குப் பொதுவாக வைத்திருந்த தண்ணீர்ப் பானையை அவர் தொடக் கூடாது என்று சக பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். அவர் பெயர் அம்பேத்கர். அன்று ஒரு நாக் குழு போயிருந்தால் என்ன எழுதியிருக்கும்? ஆசிரியரின் கல்வித் தகுதி, மிக நன்று. குடிநீர் வசதி, உண்டு.

இதுதான் நான் சொல்ல வருவது. தண்ணீர்ப் பானை இருக்கிறதா என்று கேட்பது ஒரு மதிப்பீடு. அதை யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்று கேட்பது இன்னொரு மதிப்பீடு. நமக்கு வேண்டியது இரண்டாவது. மதிப்பீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆய்வகம் இல்லாத, நூலகத்தில் புத்தகம் இல்லாத, ஆசிரியர் இல்லாத கல்லூரிக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் நம் பிள்ளைகள்தான். தரம் கேட்கும் உரிமை மற்ற எவரையும்விட நமக்குத்தான் அதிகம். அம்பேத்கர் தரத்தை வெறுக்கவில்லை. 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கவைத்து, நம் பிள்ளைகளுக்கும் அது கிடைக்க வழி செய்தார்.

என்ன கேட்க வேண்டும்?

நாக் முறையையே மாற்றப்போவதாகச் சொன்னார்கள். இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, எழுத்துத் தரங்களை எடுத்துவிட்டு 'அங்கீகாரம் உண்டு, இல்லை' என்று மட்டும் சொல்லும் முறை வரும் என்று 2024 தொடக்கத்தில் அறிவித்தார்கள். ஏற்றப்படும் தரவுகளை இன்னும் அதிகமாக நம்பும் முறை அது. எழுத்து மாறினால் என்ன, எண் மாறினால் என்ன? கேள்வி மாறாதவரை என்னைப் போன்ற ஒருவன் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து பேனா மாற்றி எழுதிக்கொண்டுதான் இருப்பான். நாளை அதையே கணினியில் தட்டுவான்.

நான் கேட்பது ஐந்தே ஐந்துதான்.

ஒன்று, எத்தனை பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் சேர்ந்தார்கள் என்பதோடு எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேர் நடுவில் போனார்கள் என்பதையும் கேளுங்கள். 'சொந்தக் காரணம்' என்ற பதிலை ஏற்காதீர்கள்.

இரண்டு, புகார் இல்லாததற்கு மதிப்பெண் போடாதீர்கள். வந்த புகாரை என்ன செய்தார்கள் என்பதற்குப் போடுங்கள். ஐந்தாண்டில் ஒரு புகாரும் இல்லை என்று எழுதும் கல்லூரியைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

மூன்று, நலப்பிரிவில் மாணவர்களே தேர்ந்தெடுத்த மாணவர்கள் இருக்க வேண்டும். கூட்டக் குறிப்பு தமிழில், ஒரு வாரத்துக்குள் அறிவிப்புப் பலகையில் வர வேண்டும். பலகையில் வந்ததை ஐந்தாண்டு கழித்து யாரும் எழுத முடியாது.

நான்கு, ஆசிரியர்களின் சமூகப் பிரிவைச் சுயநிதிப் பிரிவையும் சேர்த்துக் கணக்கெடுங்கள். துறைத்தலைவர் யார், தேர்வுக் குழுவில் யார், நாற்காலியில் யார், ஸ்டூலில் யார் என்று பாருங்கள்.

ஐந்து, கழிப்பறையைப் பார்க்கும்போது அதைக் கழுவியவரையும் பாருங்கள். என்ன கூலி, யார் ஒப்பந்தக்காரர், கையுறை வந்ததா என்று கேளுங்கள். தமிழ் தெரிந்த ஒருவரை உடன் அழைத்து வாருங்கள்.

இதையெல்லாம் பெங்களூர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. இட ஒதுக்கீடு முறையாக நடக்கிறதா என்று பார்க்க 2021இல் தமிழ்நாடு அரசு சுப. வீரபாண்டியன் தலைமையில் சமூகநீதிக் கண்காணிப்புக் குழுவை அமைத்தது. அரசு நினைத்தால் ஒவ்வொரு கல்லூரியிலும் இந்த ஐந்தையும் கேட்க ஓர் அரசாணை போதும். சமூகநீதி மண் என்று மேடையில் சொல்கிறவர்கள் அந்த மண்ணில் இருக்கும் வகுப்பறைக்குள் ஒரு முறை வந்து போகட்டும்.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரி தன்னைப் பற்றி எழுதும் அறிக்கையை அதன் இணையதளத்தில் போட்டாக வேண்டும். அது ரகசியம் இல்லை. திறந்து பாருங்கள். உங்கள் பிரிவின் பொறுப்பாளர் யார், எந்தத் தேதியில் கூட்டம் நடந்ததாக எழுதியிருக்கிறது, வருகைப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அரசு உதவிபெறும் கல்லூரியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் குறிப்பேட்டின் நகலைக் கேளுங்கள். நீங்கள் போகாத கூட்டத்தில் உங்கள் கையெழுத்து இருந்தால், அந்த ஒரு தாளை வைத்தே பேசத் தொடங்கலாம்.

என்னைப் போன்ற ஆசிரியர்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. நமக்கு வேலை நிரந்தரம் இல்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இருக்கிறது. வீட்டு வாடகை இருக்கிறது. தெரியும். அந்தப் பயத்தில்தான் நானும் எழுதினேன். ஆனால் அந்தக் குறிப்பேட்டை எழுத நம்மைத் தேர்ந்தெடுப்பது நம் கையெழுத்து அழகாக இருப்பதால் அல்ல. நாம் எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதால். நம் சாதியைக் கொண்டே நம் பிள்ளைகளின் வாயை அடைக்கிறார்கள். அடுத்த முறை அந்தக் கோப்பு மேசைக்கு வரும்போது ஒருவர் தனியாக மறுத்தால் வேலை போகும். பத்து கல்லூரிகளில் நூறு பேர் சேர்ந்து மறுத்தால் யாரைத் தூக்குவார்கள்? அதற்குச் சங்கம் வேண்டும். இருக்கும் சங்கங்கள் ஊதியத்தோடு இதையும் பேச வேண்டும்.

கடைசியாக ஒன்று. சில மாதங்களுக்கு முன்பு அந்தப் பையனின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். நான் செய்ததை எல்லாம் சொன்னேன். மன்னித்துவிடு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சிரித்துக்கொண்டே கேட்டான்:

"அந்த மீட்டிங்ல நான் என்ன சார் பேசுனேன்?"

அவன் பெயருக்கு எதிரே நான் எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். மாணவர்களின் நலனில் அக்கறை காட்டும் நிர்வாகத்துக்கு அவன் நன்றி தெரிவித்தான் என்று எழுதியிருந்தேன். சொன்னேன்.

"இப்ப ஒரு மீட்டிங் போடுங்க சார். லீவு போட்டுட்டு வாறேன். நெசமாவே பேசணும்" என்றான்.

இந்த மாதம் முதல் கூட்டத்துக்கு நான் தேதி குறித்திருக்கிறேன். அறிவிப்பைத் தமிழில் எழுதிப் பலகையில் ஒட்டிவிட்டேன். முன்னாள் மாணவர்களும் வரலாம் என்று எழுதியிருக்கிறேன். அனுமதி கேட்டீர்களா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். இருபது கூட்டம் நடத்தியபோது கேட்கவில்லையே, இருபத்தோராவதுக்கு மட்டும் எதற்கு என்று கேட்டேன். இதுவரை பதில் இல்லை.